ஏற்றுவது எளிது, பிறகு யார் பார்ப்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளம். 2021இல் பிரிண்டர் திருத்த அங்கே போயிருந்தேன். வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். ஓப்பன்டபிள்யூஆர்டி 15.05.1 என்று இருந்தது. தயாரிப்பாளர் தந்த மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் ஏற்றக்கூடிய திறந்த மென்பொருள் அது. அந்தப் பதிப்பு வெளிவந்தது 2016 மார்ச்சில். அதை அங்கே ஏற்றியவன் வேறு யாருமில்லை, நான்தான்.

வீட்டுக்கார அன்ரிக்கு ஒரு குறையும் இல்லை. "நீங்கள் போட்டுத் தந்ததுதானே தம்பி, இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் கரைச்சல் தரவில்லை" என்றார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. 2017 ஒக்டோபரில் மட்டும் என்னென்ன நடந்திருந்தன! ரவுட்டர்களில் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளில் ஏழு ஓட்டைகளைக் கூகுள் பொறியியலாளர்கள் வெளியிட்டார்கள். அதே மாதம் டபிள்யூபிஏ2 வைஃபை பாதுகாப்பு முறையிலேயே 'கிராக்' எனப்படும் பலவீனம் அம்பலமானது. ஓப்பன்டபிள்யூஆர்டி குடும்பத்தில் இரண்டுக்கும் திருத்தம் விரைவாகவே வந்தது. அந்த மூன்றாம் தளத்துக்கு மட்டும் வரவில்லை. தானாக வராது, யாராவது போய் ஏற்ற வேண்டும். அந்த யாராவது நானாக இருந்திருக்க வேண்டும்.

ரவுட்டருக்கு இப்படி மாற்று ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் உள் மென்பொருள், போடலாமா என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள். 'எது நல்லது?' என்பதுதான் முதல் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, 'எதற்கு?' என்று. பாதிப் பேர் சொல்லும் பதில், 'உள்ளறையில் சிக்னல் இல்லை.' கொங்கிறீட் சுவரை எந்த ஃபர்ம்வேரும் உடைக்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்து பார்த்தால் முப்பது நாற்பது வீட்டுப் பெயர்கள் வரிசையில் நிற்கும். ஒன்றோடொன்று முட்டாத சனல்களோ 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அப்படிப்பட்ட வீட்டில் ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்தின் நடுவே உயரத்தில் வைத்துவிட்டு, முடிந்த கருவிகளை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அனுப்பு சக்தியைக் கூட்டலாம் என்று நாட்டுக் குறியீட்டை வேறு நாட்டுக்கு மாற்றி வைப்பவர்களும் உண்டு. அது சட்டத்துக்கும் ஒவ்வாது, பயனும் சொற்பம். ரவுட்டர் கத்தினாலும் கைபேசி அதே மெல்லிய குரலில்தானே பதில் சொல்கிறது?

உண்மையான காரணங்களும் இருக்கின்றன. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது இன்னொருவரின் வீடியோ வகுப்பு திக்கித் திணறுகிறதா? வேகம் குறைவு என்று நினைத்துப் பெரிய இணையத் திட்டத்துக்கு மாறுவார்கள், திணறல் போகாது. ரவுட்டரும் மோடமும் தரவுப் பொட்டலங்களை அளவுக்கு மீறி வரிசையில் அடைத்து வைத்திருப்பதால் வரும் தாமதம் அது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் இந்த வரிசையைச் சீராக்கும் எஸ்கியூஎம் என்ற மென்பொருள் பொதியை நிறுவி, அதில் 'கேக்' என்ற முறையைத் தேர்ந்து, வேக எல்லையை உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 முதல் 95 சதவீதத்துக்குள் வைத்தால் வித்தியாசம் அன்று மாலையே தெரியும். ஒரு சங்கதி: இந்த வேலை செயலியைப் பிழியும். மலிவான ரவுட்டரை வேகமான ஃபைபரில் வைத்து இதைச் செய்தால், தாமதம் போய் வேகமும் போய்விடும்.

இரண்டாவது நல்ல காரணம், தயாரிப்பாளர் கைவிட்ட ரவுட்டர். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரல் 54 நாடுகளிலாவது சுமார் 5 இலட்சம் கருவிகளில் புகுந்திருந்ததாக சிஸ்கோவின் டாலோஸ் பிரிவு அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை சின்ன அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருந்த ரவுட்டர்கள். பழைய மென்பொருளும் மாற்றாத கடவுச்சொல்லும் சேர்ந்தால் கதவைத் திறந்து வைத்ததுபோல. ஆனால் தயாரிப்பாளர் இன்னும் திருத்தம் தந்துகொண்டிருந்தால், அதை ஏற்றி, தொலைநிலை நிர்வாகத்தையும், கடவுச்சொல் தட்டாமலே வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மாற்று ஃபர்ம்வேர் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி எதைத் தேர்வது என்பதை உங்களைவிட உங்கள் ரவுட்டர்தான் தீர்மானிக்கும். அதைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சிட்டையைப் படியுங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வி2, வி5 என்று வன்பொருளின் பதிப்பு ஏதாவது இருக்கும். அதுதான் முக்கியம். இந்தக் கலை முழுவதும் பிறந்த இடமான லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரே இதற்குச் சாட்சி. அது லினக்ஸில் ஓடியதும், 2003இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டதும்தான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கக் காரணம். ஆனால் ஐந்தாம் பதிப்பில் அதே நீலப் பெட்டிக்குள் மென்பொருள் தங்கும் ஃபிளாஷ் 2 மெகாபைட்டாகவும் நினைவகம் 8 மெகாபைட்டாகவும் சுருங்கின, லினக்ஸும் போய்விட்டது. வெளியே பார்த்தால் ஒரே பெட்டி. இன்றும் அதே விளையாட்டு நடக்கிறது. வேறு பதிப்புக்கான கோப்பை ஏற்றி, இயங்காத வெறும் செங்கல்லாக்கிய ரவுட்டர்கள் என் மேசையின் கீழ் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன.

பழைய ரவுட்டர் வாங்குபவர்கள் 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் நினைவகம் உள்ளதை இனாமாகக் கொடுத்தாலும் இதற்காக எடுக்கவேண்டாம். இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு அது போதாது. ஃபிளாஷ் 16, நினைவகம் 128 மெகாபைட் இருந்தால் மூச்சு விடலாம். அடுத்தது சில்லு. மீடியாடெக், குவால்காம் அத்தெரோஸ் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி பெரும்பாலும் நன்றாக ஓடும். பிராட்கொம் என்றால் வைஃபை டிரைவர் மூடிய நிரல் என்பதால் அங்கே தடுமாற்றம். பிராட்கொம் ரவுட்டர்களுக்கென்றே உள்ள மாற்று ஃபர்ம்வேர் ஃப்ரெஷ்டொமேட்டோ. ஆசூஸ் ரவுட்டர் வைத்திருந்து, அதிகம் குடைய விருப்பமில்லாதவருக்கு, அந்த மாடல் ஆதரவுப் பட்டியலில் இருந்தால், ஆசூஸ்டபிள்யூஆர்டி-மெர்லினைத்தான் சொல்வேன். தயாரிப்பாளரின் முகம் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் செப்பம். டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொன்று பல கருவிகளில் ஓடும். ஆனால் அதன் எந்த வெளியீடு எந்தக் கருவியில் நிலையாக ஓடும் என்று தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை. புதியவருக்கு அதை நான் தருவதில்லை.

இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியில் கை வைக்கவே வேண்டாம். அதன் அடையாளத்தைச் சரிபார்த்துத்தான் மறுமுனை இணைப்புத் தருகிறது. நிறுவனத்தின் மென்பொருளை அழித்தால் இணைப்பும் போகலாம், பெட்டியின் பெறுமதியையும் கட்டவேண்டி வரலாம். அதன் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரை வைத்து, பரிசோதனையை அங்கே செய்யுங்கள்.

கோப்பைத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அங்கே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். நண்பர் பென்டிரைவில் தந்தது, யாரோ 'மேம்படுத்தியது' எதுவும் வேண்டாம். வீட்டின் முழு இணையப் போக்குவரத்தும் அதற்குள்ளால்தான் போகப்போகிறது. தயாரிப்பாளரின் மென்பொருளிலிருந்து மாறும் முதல் முறைக்கு 'ஃபாக்டரி' கோப்பு, பிறகு புதுப்பிக்கும்போதெல்லாம் 'சிஸ்அப்கிரேட்'. கேபிள் போட்டுச் செய்யுங்கள், வைஃபையில் அல்ல. எழுதி முடியும் இரண்டு மூன்று நிமிடங்களும் மின்சாரம் போகக்கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கிய பிறகு, சின்ன யூபிஎஸ் இல்லாமல் நான் எந்த ரவுட்டரையும் தொடுவதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறியதும் நிர்வாகக் கடவுச்சொல் வெறுமையாகத்தான் இருக்கும். வைஃபையை இயக்குவதற்கு முன் அதை வையுங்கள்.

இதெல்லாம் ஒரு பிற்பகல் வேலை. ஒருவருக்கு ஏற்றிக் கொடுக்கும் முன் நான் இப்போது கேட்பது வேறு: அடுத்த வருடம் இதை யார் புதுப்பிப்பது? ஓப்பன்டபிள்யூஆர்டியில் புதிய தொடர் வந்துவிட்டால் பழைய தொடருக்கு நெடுநாள் திருத்தம் வராது. 24.10 தொடர் 2025 பெப்ரவரியில் வந்தது. அதற்கு முந்தியதில் நின்றுகொண்டு பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைக்க முடியாது. அதிலும் சிஸ்அப்கிரேட் அமைப்புகளைக் காப்பாற்றும், நீங்கள் பிறகு சேர்த்த எஸ்கியூஎம் போன்ற பொதிகளைச் சாதாரணமாகக் காப்பாற்றாது, திரும்ப நிறுவவேண்டும். வீட்டில் இதற்கு ஒருவரும் இல்லையென்றால், தானாகவே திருத்தம் இறக்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். சிலருக்கு என்மேல் கோபம்தான்.

அன்ரி மட்டும் புதியது வாங்க மறுத்துவிட்டார். ஆகவே அன்றே புதுப்பித்தேன். பிறகு ரவுட்டரின் அடியில் மார்க்கர் பேனாவால் பதிப்பையும் திகதியையும், அடுத்து நான் வரவேண்டிய மாதத்தையும் எழுதினேன். இப்போது ஏற்றிக் கொடுக்கும் எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதுகிறேன். அடுத்த முறை போனபோது, தூசு தட்டும்போது எழுத்து அழிந்துவிடுமென்று அன்ரி அதன்மேல் செலோடேப் ஒட்டி வைத்திருந்தார். மாதத்தைச் சுட்டிக்காட்டி, "இரண்டு கிழமை பிந்திவிட்டீர்கள் தம்பி" என்றார்.