தரைக்குள் ஓடும் சுடுநீரும் சுவரில் தொங்கும் ஏர்கோனும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டுத் தரையைச் சூடாக்குவது பற்றி எழுதினால் சிரிக்கத்தான் செய்வார்கள். மத்தியானம் 33 டிகிரி. சிமெண்டுத் தரை தானாகவே சுடும். ஆனால் இங்கிருந்து இங்கிலாந்து போய்க் குடியேறிய பிள்ளைகள் வீட்டுக்கு ஃபோன் செய்தால் இந்தப் புலம்பலும் வருகிறது: "ஹீட் பம்ப் போட்டாச்சு, தரைக்கு அடியில பைப்பும் போட்டாச்சு. ஒரு ரூம் சுடுது, ஒரு ரூம் குளிருது. கரண்டு பில் மட்டும் ஏறுது."

ஹீட் பம்ப் நமக்குப் புதிதல்ல. தாமான் (குடியிருப்பு) வீட்டு ஏர்கோனும் அதே இயந்திரம்தான். ஏர்கோன் அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே தள்ளுகிறது; ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. வெளியே 2 டிகிரிதானே, அதில் ஏது வெப்பம்? இருக்கிறது. காற்றைவிடக் குளிர்ந்த கேஸ் வெளிப்பெட்டியின் குழாய்க்குள் ஓடினால் வெப்பம் அதற்குள் பாயும். கம்ப்ரசர் அந்தக் கேஸை அழுத்தும்போது சூடு ஏறுகிறது, அந்தச் சூடு தரைக்குள் ஓடும் தண்ணீருக்குப் போகிறது. மின்சாரம் பெரும்பாலும் வெப்பத்தை நகர்த்தத்தான் செலவாகிறது என்பதால் 1 யூனிட்டுக்கு 3, 4 யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும்.

இந்தக் கணக்கு நிலையானதல்ல. வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையிலான வித்தியாசம் கூடக்கூடக் கம்ப்ரசர் திணறும். தண்ணீரை 1 டிகிரி குறைத்தாலே மின்சாரத்தில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு மிச்சம். தரை முழுவதுமே சூட்டை விடுவதால் 35 டிகிரித் தண்ணீரே அதற்குப் பெரும்பாலும் போதும். சுவரோரம் சுடுநீர் ஓடும் தகடான ரேடியேட்டருக்கு வைப்பதுபோல 50, 55 என்று வைப்பது வீண்.

சரி, ஒரு அறை மட்டும் ஏன் குளிர்கிறது? பழைய தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு ஒரே பைப்பு லைனில் தண்ணீர் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். முதல் வீட்டில் குழாயை முழுக்கத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டும். தரைக்குள்ளும் இதே கதை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் குழாய்ச் சுற்று. ஒன்று 40 மீட்டர், இன்னொன்று 100 மீட்டர். எதிர்ப்புக் குறைந்த குட்டைச் சுற்றிலேயே தண்ணீர் அதிகம் ஓடிவிடும். சுற்றுகள் பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் சிறு கண்ணாடிக் குழாயும் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடி, திரும்பும்போது 5 டிகிரி குறைந்திருந்தால், அந்தச் சுற்று சுமார் 700 வாட் வெப்பத்தைத் தரையில் விட்டிருக்கிறது என்று அர்த்தம். சூடான அறையின் வால்வைக் கொஞ்சம் மூட வேண்டும். குளிர்ந்த அறையினுடையதைத் திறந்தே விட வேண்டும்.

இங்கேதான் பொறுமை போய்விடுகிறது. கனமான சிமெண்டுத் தரை சூடேறப் பல மணி நேரம் ஆகும். காலையில் ஒரு திருகு, மதியம் ஒரு திருகு என்று போனால் எந்தத் திருகு எதைச் செய்தது என்றே தெரியாது. ஒரு மாற்றம், அப்புறம் ஒரு நாள் காத்திருப்பு. அறையின் சூட்டைப் பார்த்துச் சுற்றைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்களை அதுவரை உச்சத்தில் வைத்துவிடுவது நல்லது. அவை ஒவ்வொரு சுற்றாக மூடினால் ஓடும் தண்ணீர் குறைந்து, ஹீட் பம்ப் அடிக்கடி நின்று நின்று கிளம்பும்.

அறைகள் சமமான பிறகுதான் தண்ணீரின் சூட்டில் கை வைக்க வேண்டும். வெளியே குளிர் கூடினால் தண்ணீரின் சூட்டைத் தானாகக் கூட்டும் ஒரு அமைப்பு, வரைபடக் கோடாக, இயந்திரத்தில் உண்டு. அந்தக் கோட்டை 1 டிகிரி இறக்கி, ஒரு நாள் பார்த்து, மறுபடி இறக்கலாம். மிகக் குளிர்ந்த அறை வேண்டிய சூட்டை மட்டுமட்டாக எட்டும் இடத்தில் நிறுத்திவிடலாம். அந்த நிலையில் இயந்திரம் மெதுவாக, ஏறக்குறைய நாள் முழுக்க ஓடும். "ஓடிக்கிட்டே இருக்கே, பில் வராதா?" என்று பயந்து ராத்திரியில் அணைத்தால், காலையில் ஆறிப்போன தரையைச் சூடாக்க அது முழு வேகத்தில் ஓட வேண்டிவரும்.

நம் ஊர் இன்வெர்ட்டர் ஏர்கோனுக்கும் இதே விதிதான். 16இல் வைத்து, நடுங்கி, அணைத்து, மறுபடி போடுவதைவிட 25இல் விட்டுவிட்டால் கம்ப்ரசர் மெதுவான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.