ஆம்பியரை ஏற்றும் முன் பல்லைக் குறையுங்கள்

மோட்டார் கருகியிருக்கிறதா என்பதை அதைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். செம்புக் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் எரிந்தால் ஒரு வாடை வரும். ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். ஸ்டாண்டில் மாட்டுவதற்குள்ளேயே அந்த வாடை வந்துவிட்டது.

"மேட்டுல பாதியில நின்னுச்சுங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஓடுச்சு. அப்புறம் மொத்தமா நின்னுடுச்சு."

சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் மிட் டிரைவ் கிட். அதாவது மோட்டார் சக்கரத்தில் இல்லாமல் பெடல் அச்சில் உட்கார்ந்து, செயின் வழியாக இழுக்கும் வகை. அவரே வாங்கி அவரே பொருத்தியது; பொருத்தியதில் பெரிய குறை இல்லை. ஆனால் மேட்டில் திணறுகிறதே என்று புரோகிராமிங் கேபிள் ஒன்று வாங்கி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் 20 ஆம்பியர் என்று இருந்த உச்சவரம்பை 25 ஆக்கியிருந்தார். ஐந்து ஆம்பியர்தானே என்ற எண்ணம்.

சுருள் கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் 1.25 மடங்கு ஆனால் சூடு ஏறத்தாழ 1.56 மடங்கு. கூடுதலாகக் கிடைத்த பலம் கால் பங்கு, சேர்ந்த சூடு பாதிக்கும் மேல். இந்தக் கிட்கள் பலவற்றில் கண்ட்ரோலரும் அதே கூட்டுக்குள் இருப்பதால் அந்தச் சூட்டை அதுவும் வாங்கிக்கொள்ளும். வெளியே தொட்டுப் பார்த்து "சும்மா வெதுவெதுன்னுதான் இருக்கு" என்பார்கள். உள்ளே இருக்கும் சூடு வெளிக்கூட்டுக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். கை உணரும்போது சுருள் எங்கேயோ போயிருக்கும்.

அவருடைய பைக்கில் நான் முதலில் பார்த்தது முன்பக்கப் பல்சக்கரத்தை. கிட்டோடு வந்த 46 பல் செயின்ரிங் அப்படியே இருந்தது. பின்னால் கேசட்டில், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில், பெரிய சக்கரத்துக்கு 34 பல். தட்டையான சாலைக்கு அது சரி. மேட்டுக்குக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.3 மீட்டர் போகும். செங்குத்தான மண் பாதையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 58 சுற்று. 46க்கு 34 என்ற விகிதத்தில் பெடல் சுற்றுவது நிமிடத்துக்கு 43தான். மோட்டாரும் அதே அச்சோடு கட்டுப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக முக்கும். அப்படி முக்கும்போது உள்ளே போகும் மின்சாரத்தில் நல்ல பங்கு இழுவிசையாகாமல் சூடாகத்தான் போகும்.

இப்போது முன்னால் 32, பின்னால் 42 என்று வையுங்கள். அதே 8 கிலோமீட்டர் வேகத்துக்குப் பெடல் 76 சுற்று சுற்றும். சக்கரத்துக்கு அதே இழுவை கிடைக்க மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்குவிசை முன்பு கொடுத்ததில் 56 சதவீதம் போதும். முறுக்குவிசையும் மின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும் என்பதால் சுருள் சூடு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு ஆம்பியர்கூடக் கூட்டவில்லை. என்னிடம் "கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. மோட்டாரின் கியர் கூடு வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். பெரிய செயின்ரிங்குகளை உட்குழிவாகச் செய்து அந்தக் கூட்டின் மேல் கவிழ்த்துவிடலாம். சின்ன ரிங்குக்கு அந்த இடம் கிடையாது. அடாப்டர் வைத்து வெளியே தள்ளித்தான் மாட்ட வேண்டும். அப்போது செயின் பின்னால் பெரிய பல்லுக்குப் போகையில் கோணலாக ஓடும். மேடு ஏறப் போடுவதும் அந்தப் பெரிய பல்தான். அதனால் சில ஃபிரேம்களில் 32ஐ விட்டுவிட்டு, உட்குழிவுள்ள 42ஐயே போட்டு, பின்னால் பெரிய கேசட் மாட்டுவது புத்திசாலித்தனம். பைக்கைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. எதைப் போட்டாலும் அகலமும் ஒடுக்கமுமாகப் பற்கள் மாறி மாறி வரும் ரிங்காக வாங்குங்கள், செயின் எளிதில் கழலாது.

செட்டிங்கில் நான் செய்யும் மாற்றமும் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான். பெடலைத் தொட்டவுடன் எவ்வளவு ஓட்டம் பாய வேண்டும் என்பதைக் குறைப்பேன். அது உச்சத்துக்கு ஏறும் வேகத்தையும் மெதுவாக்குவேன். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் உள்ள கிட்களில் இது மிக முக்கியம். நீங்கள் காலை லேசாக வைத்தீர்களா, ஓங்கி மிதித்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. கல்லுக்கு நடுவே அரைச் சுற்று மிதித்ததும் பைக் துள்ளிப் பாய்ந்தால் விழப்போவது நீங்கள்தான். மிதிக்கும் விசையையே அளக்கும் டார்க் சென்சார் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

செயினும் கேசட்டும் மனிதக் காலுக்காகச் செய்யப்பட்டவை. நாம் மிதிக்கும்போது விசை ஏறி இறங்கும். மோட்டார் விடாமல் இழுக்கும். அந்த இழுவையிலேயே கியர் மாற்றினால் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பல் உடைவதற்கு முன் வரும் அழைப்பு மணி. கியர் கேபிளில் மாட்டும் சின்ன சென்சார் ஒன்று இருக்கிறது. கேபிள் அசைந்ததும் மோட்டாரை ஒரு கணம் நிறுத்தும். கிட் வாங்கும்போது இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு செயினைப் பல் மாற்றிப்போடும் டெரெய்லருக்குச் செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 11 பல் சின்னச் சக்கரத்தில் முழு பவரில் ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள், அது சீக்கிரம் கூர்மையாகித் தேய்ந்துவிடும்.

அடுத்தது, பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குவது: பேட்டரி.

முன்னே சொன்னவரின் பேட்டரி 13 செல் வரிசை, ஒவ்வொன்றிலும் நான்கு செல் இணை. ஒரு செல் தொடர்ந்து 5 ஆம்பியர் தரும் என்றால் நான்குக்கு 20. கண்ட்ரோலரில் 25 கேட்டால் மோட்டாரோடு சேர்ந்து பேட்டரியும் வதைபடும். மேட்டில் வோல்ட் சட்டென்று சரிந்து டிஸ்ப்ளே அணைந்துபோவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொருவர் 48 வோல்ட் பேட்டரியோடு கூடுதலாக ஒரு 52 வோல்ட் பேட்டரியும் வாங்கினார். 48 என்பது 13 செல், முழு சார்ஜில் 54.6 வோல்ட். 52 என்பது 14 செல், முழு சார்ஜில் 58.8. இரண்டு சார்ஜருக்கும் ஒரே பின். இருட்டில் மாற்றிச் செருகிவிட்டார். 58.8ஐ 13ஆல் வகுத்தால் செல்லுக்கு 4.52 வோல்ட், லித்தியம் அயான் செல்லின் வழக்கமான எல்லை 4.2. உள்ளே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு இணைப்பை அறுத்துவிட்டதால் பேட்டரி பிழைத்தது, வீடும் பிழைத்தது. அந்தப் போர்டு கடைசிக் காவலாள். அதை நம்பித் தினமும் கதவைத் திறந்துவைக்கக் கூடாது. நான் இப்போது சார்ஜர் பின்னிலும் பேட்டரி வாயிலும் ஒரே நிறப் பெயிண்ட் தொட்டுக் கொடுக்கிறேன். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். விழுந்து நசுங்கிய, உப்பிய பேட்டரியை "இன்னும் ஓடுதே" என்று வைத்திருக்காதீர்கள். செல்லைப் பிரித்து நாமே ஒட்டலாம் என்று வருகிறவர்களிடம் நான் இரண்டாவது பேச்சே பேசுவதில்லை.

வேகத்தைப் பற்றியும் கேட்பார்கள். டிஸ்ப்ளேயில் சக்கர அளவைச் சின்னதாகப் பொய் சொன்னால் வேக வரம்பு தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்பதைத் தாண்டினால் அது சட்டப்படி சைக்கிளே இல்லை. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சட்டத்தைவிட பிரேக்தான் கவலை. 25இலிருந்து 40க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 2.5 மடங்குக்கு மேல். 160 மில்லிமீட்டர் டிஸ்க்கோடு வந்த பைக்குக்கு, ஃபிரேமும் ஃபோர்க்கும் அனுமதித்தால், 180 அல்லது 203. மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள லீவருக்காக ஹைட்ராலிக் பிரேக்கைக் கழற்ற மனமில்லாதவர்கள் லீவரில் ஒட்டும் காந்த சென்சாரையாவது போடுங்கள், பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்க வேண்டும்.

அந்தக் கருகிய மோட்டாரைக் கழற்றும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஃபிரேமின் கீழ்க்குழாயான டவுன் டியூபின் அடியில் ஒரு நசுங்கல். மோட்டார் செயின்ரிங்கை முன்னோக்கித் திருப்பும்போது அதன் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதாவது மேலே எழுந்து ஃபிரேமை முட்டும். அதைப் பிடித்துவைப்பது இடப்பக்கம் இருக்கும் பல்வைத்த தகடும் பெரிய நட்டும்தான். நட்டு இளகியிருந்தது. அலுமினியமாக இருந்ததால் நசுங்கலோடு போயிற்று. கார்பன் ஃபிரேமாக இருந்தால் விரிசல்தான்.

புது மோட்டார் போட்டு, 32 ரிங்கும் பெரிய கேசட்டும் மாட்டி, வரம்பை 18 ஆம்பியரில் வைத்தேன். அவர் முகம் தொங்கியது. "முன்னாடி இருந்ததைவிடக் கம்மியா வெச்சிருக்கீங்களே?" ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். மேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோடு ஒரு மயிரிழை விலகியிருப்பதாக அவராகவே பார்த்துவிட்டு வந்திருந்தார். டார்க் ரெஞ்சை எடுத்து இறுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டேன்.