கைவலியும் எலும்பு அடர்த்தியும்: எந்த வீக்கத்தைக் கவனிக்க வேண்டும்?

மாவுக் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்று வரும் அறுபது வயதைக் கடந்த பெண்கள் பலர், நான் கையைத் தொடும் முன்பே "எலும்பு தேய்ஞ்சு போச்சா டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு நோய்களை நாம் அடைத்து வைத்திருப்பதே இந்தக் கேள்விக்குக் காரணம். மூட்டுத் தேய்மானத்தில் முதலில் கெடுவது எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. எலும்புப்புரையில் குறைவது எலும்பின் அடர்த்தி. முன்னது வலிக்கும், பின்னது எலும்பு முறியும் நாள்வரை பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

கையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். விரல் நுனியை ஒட்டிய கணுக்களில் கெட்டியான புடைப்புகளும் கட்டைவிரலின் அடியில் வலியும் இருந்து, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் தேய்மானம்தான். மாறாக, புறங்கையில் விரல்கள் தொடங்கும் முட்டிகளும் மணிக்கட்டும் இரண்டு கைகளிலும் மெத்தென்று வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டினால், உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று ஆராய வேண்டும்.

எலும்பு அடர்த்தியை நேரடியாகக் குறைப்பது இந்த முடக்குவாதம்தான். அழற்சியின்போது மிகுதியாகச் சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் எலும்பை அரிக்கும் செல்களை முடுக்கிவிடுவதால், முதலில் வீங்கிய மூட்டை ஒட்டிய எலும்பும், நாளடைவில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் மெலிகின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து ஏற்கெனவே எலும்பை இழந்துவரும் பெண்ணுக்கு இது பட்ட காலிலே படுவது போன்றது. போதாக்குறைக்கு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தும் எலும்பை மெலியவைக்கும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய 'வலி மாத்திரை'யில் அது இருந்ததை அறியாமலே மாதக்கணக்கில் விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முறிவு வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கீட்டில் முடக்குவாதமும் ஸ்டீராய்டும் தனித்தனிக் காரணிகளாகவே கேட்கப்படுகின்றன. அதற்காக, நீண்ட நாள் எடுத்துவந்த ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்படியானால் வெறும் தேய்மானம் உள்ளவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? முழங்கால், இடுப்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அடர்த்தி சற்றுக் கூடுதலாகவே இருப்பதுண்டு; கைத் தேய்மானத்தில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தேய்மானத்தால் முதுகெலும்பில் வளர்ந்த எலும்பு முட்கள், அடர்த்தியை அளக்கும் ஸ்கேனில் அளவை உயர்த்திக் காட்டுவதால், அந்த நல்ல எண்ணை அப்படியே நம்பாமல் இடுப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

கையின் எக்ஸ்-ரேயை நீட்டி, "எலும்பு நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஏறத்தாழ 30 சதவீத அடர்த்தி குறைந்த பின்பே சாதாரண எக்ஸ்-ரேயில் அது தெரியும். அளப்பதற்கு டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அதில், உங்கள் அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்ணான டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. கால்சியம் மாத்திரை கைவலியைத் தீர்க்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் அதற்காகவே அதை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்புவதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஏன் இவ்வளவு எளிதில் முறிந்தது என்று பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. கட்டுப் பிரிக்கும் நாளில் டெக்ஸாவுக்கும் எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள்.