ஒருதுகள் புரள்வு: ‘சிங்கிள் ஈவென்ட் அப்செட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

‘அப்செட்’ என்ற சொல்லை நாம் மனதுக்குத்தான் வைத்திருக்கிறோம். ‘மார்க் குறைந்ததில் பிள்ளை அப்செட்டாக இருக்கிறான்’ என்போம். 1964 முதல் ஆண்டுதோறும் கூடும் ஓர் அறிவியல் மாநாட்டில் இதே சொல் நாள் முழுக்கக் காதில் விழும். அங்கே அப்செட் ஆவது கணினி நினைவகத்தின் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம். ஒரே ஒரு துகள் பட்டு அது மாறிப்போவதைத்தான் ‘சிங்கிள் ஈவென்ட் அப்செட்’ என்கிறார்கள். மின்னணுச் சாதனங்களைக் கதிர்வீச்சு என்ன செய்கிறது என்று ஆராய்வோர் கூடும் மாநாடு அது. பெயரைத் தமிழில் ‘அணு, விண்வெளிக் கதிர்வீச்சு விளைவுகள் மாநாடு’ எனலாம். துறையினருக்கு என்.எஸ்.ஆர்.இ.சி.

அந்தப் பெயரில் விண்வெளிக்கு முன்னால் அணு நிற்கிறது. அணுகுண்டின் காலத்தில் பிறந்த மாநாடு அல்லவா! 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ என்ற அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோள், வெடிப்பு விட்டுச்சென்ற எதிர்மின்னிகளுக்குள் (எலக்ட்ரான்களுக்குள்) மாதக்கணக்கில் சுற்றி, 1963 பிப்ரவரியில் ஒரேயடியாக அடங்கிப்போனது. கதிர்வீச்சால் மின்னணு கெடுவது என்றால் அன்று எல்லோர் மனதிலும் இருந்தது இந்த வகைதான்: எண்ணற்ற துகள்கள் பட்டுப்பட்டு, சுவரில் ஓதம் ஏறுவதுபோல மெல்ல ஊறிக் கெடுவது.

‘சிங்கிள்’ என்ற அடைமொழியின் அருமை இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். 1975-இல் பைண்டர், ஸ்மித், ஹோல்மன் என்ற மூவர் ஒரு சிறிய கணக்கை வெளியிட்டார்கள். செயற்கைக்கோள்களின் இயக்க காலத்தைக் கூட்டினால் 17 ஆண்டு. அதில் நான்கே தடவை எண்ணியல் (டிஜிட்டல்) மின்சுற்று ஒன்று காரணமில்லாமல் நிலை மாறியிருந்தது. விண்மீன்களுக்கு இடையிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் உள்ள, இரும்பைப் போன்ற கனமான ஓர் அணுக்கரு தனியாக வந்து தாக்கியதே காரணம் என்றார்கள். ஊறுவதும் இல்லை, சேருவதும் இல்லை. ஒரு துகள் போதும். இதற்கு அன்று பெயர்கூட இல்லை. கட்டுரைத் தலைப்பில் ‘அனாமலி’, அதாவது ‘ஏதோ முரண்’ என்றுதான் போட்டார்கள்.

1978-இல் இன்டெல் நிறுவனத்தின் மே, வுட்ஸ் இருவரும் அதே விந்தையைத் தரையிலேயே கண்டார்கள். நினைவகச் சில்லை மூடியிருந்த உறையில் யுரேனியமும் தோரியமும் துளியளவு கலந்திருந்தன. அவை உமிழ்ந்த ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளை மாற்றின. சில்லின் சிலிக்கானில் ஓர் எதிர்மின்னி-துளை இணையை, அதாவது ஓர் எதிர்மின்னியையும் அது விட்டுச்செல்லும் காலியிடத்தையும், பிரிக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆகும். 50 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நுழையும் ஓர் ஆல்ஃபா, நிற்பதற்குள் சுமார் 14 லட்சம் இணைகளைப் பிரித்துவிடும். அந்த மின்னூட்டம் ஒரு பிட்டை வைத்திருக்கும் நினைவகக் கண்ணறைக்குள் பாய்ந்தால் 0, 1 ஆகிவிடும். அல்லது 1, 0 ஆகிவிடும். இதை ‘சாஃப்ட் எரர்’, அதாவது சில்லு கெடாமல் நேரும் பிழை, என்றார்கள். 1979-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார், நியூட்ரானும் புரோட்டானும்கூட இதைச் செய்யும் என்று காட்டிய கட்டுரையின் தலைப்பில்தான் ‘சிங்கிள் ஈவென்ட் அப்செட்’ என்ற பெயர் வந்தது.

இனி தமிழ். ‘ஈவென்ட்’ துகள் இயற்பியலின் வழக்கு. அங்கே ஒரு துகளின் ஒரு மோதலை அப்படிச் சொல்வார்கள். ‘ஒற்றை நிகழ்வு’ என்று பெயர்த்தால் தவறில்லை, ஆனால் கேட்பவருக்கு எதுவும் தோன்றாது. இங்கே ஒற்றையாக இருப்பது துகள், அதையே சொல்லிவிடலாம்.

‘அப்செட்’டுக்குக் குலைவு, சிதைவு, பாதிப்பு என்றெல்லாம் எழுதத் தோன்றும். மூன்றும் பொருந்தா. சில்லுக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை. சரியான பிட்டைத் திரும்ப எழுதினால் பழையபடி வேலை செய்யும். ஆங்கிலத்திலும் இச்சொல் மனவருத்தத்தைக் குறிக்கும் முன்பே படகும் வண்டியும் கவிழ்வதைக் குறித்தது. அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘புரள்’ இருக்கிறது. ரயில் தடம் புரள்கிறது, வெள்ளம் கரை புரள்கிறது, தூங்குபவர் புரண்டு படுக்கிறார். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வழக்கு: ஆள் அதே ஆள், பக்கம்தான் வேறு. பிட்டுக்கு நேர்வதும் அதுவே. பிறவினையான ‘புரட்டு’ வேண்டாம். யாரோ வேண்டுமென்று செய்ததுபோல ஒலிக்கும், ஏமாற்று என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: ஒருதுகள் புரள்வு. சுருக்கமாகப் பேசும்போது ‘பிட் புரள்வு’.

இதன் உடன்பிறப்பான ‘லேட்ச்-அப்’பை இதோடு குழப்பக் கூடாது. அங்கே ஒரு துகள் பட்டதும் மின்னோட்டத்துக்கு வேண்டாத பாதை ஒன்று திறந்து, அப்படியே நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தினால்தான் விடும், தாமதித்தால் சில்லு கருகும். லேட்ச் என்பது தாழ்ப்பாள்தானே, ‘தாழ்விழல்’ எனலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சும் கதிரியக்கமும் ஒன்றல்ல. இலங்கைத் தமிழில் கதிர்த்தொழிற்பாடு எனப்படும் கதிரியக்கம், அணுக்கரு தானே சிதைந்து துகளையோ கதிரையோ உமிழும் இயல்பு. கதிர்வீச்சு, எங்கிருந்து வந்தாலும், பரவிவரும் அந்தத் துகளும் கதிரும். இன்டெல் சில்லில் கதிரியக்கம் இருந்தது உறையில். செயற்கைக்கோளில் அப்படி எதுவும் தேவையில்லை. கதிர்வீச்சு வெளியிலிருந்தே வருகிறது.

வாக்கியத்தில்: 2010-இல், சுமார் 1,380 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்த வாயேஜர் 2 விண்கலத்தின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0-இலிருந்து 1-ஆகப் புரண்டது, அது அனுப்பிய அறிவியல் தரவுகளைப் படிக்க முடியவில்லை. சென்றுசேர ஏறக்குறைய 13 மணி நேரம் எடுக்கும் ஒரு கட்டளையை அனுப்பி, புரண்ட பிட்டைத் திருப்பி வைத்தார்கள்.