12 நிமிடம், 50 கேள்வி: அமெரிக்கக் கால்பந்து வீரரின் மூளையை அளந்த கதை

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிக் கடைசியில், கல்லூரி ஆட்டத்தை முடித்த முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கூடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளும் அங்கே ஆளனுப்பி உட்கார வைத்திருக்கும். 40 கெஜ ஓட்டத்தை நூறில் ஒரு வினாடி வரை கணக்கிடுவார்கள். 225 பவுண்டு எடையைப் படுத்தபடியே எத்தனை தடவை தூக்குகிறார், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறார், உள்ளங்கை எத்தனை அங்குலம் என்பது வரை எழுதிக்கொள்வார்கள். இந்த முகாமுக்குக் கம்பைன் என்று பெயர். அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். ஏப்ரலில் நடக்கும் அதில் எந்த அணி யாரை எடுக்கும் என்பதில் இந்த எண்களுக்கும் பங்கு உண்டு. (இங்கே பேசுவது ரொனால்டோவும் மெஸ்ஸியும் ஆடும் கால்பந்து அல்ல, தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டம்.)

2022இல் கைவிடப்படும் வரை, இந்த அளவெடுப்பில் ஓர் எழுத்துத் தேர்வும் சேர்ந்திருந்தது. வொண்டர்லிக் தேர்வு என்பார்கள். 50 கேள்வி, 12 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 15 வினாடிகூட இல்லை.

கேள்விகள் எப்படி இருக்கும்? அதே பாணியில் நானே எழுதிய மாதிரிகள் இவை. 12 ஆப்பிள் 3 டாலர் என்றால் 20 ஆப்பிள் எவ்வளவு? 3, 6, 5, 10, 9, 18 என்ற வரிசையில் அடுத்த எண் என்ன? இரண்டு பழமொழிகளைக் கொடுத்து, இரண்டும் ஒரே கருத்தைச் சொல்கின்றனவா? தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் கடினமில்லை. ஆனால் போகப் போகக் கேள்விகள் இறுகும், கடிகாரம் நிற்காது. பெரும்பாலானவர்களால் கடைசிக் கேள்விக்குப் போய்ச் சேரவே முடியாது. பொதுமக்களின் சராசரி மதிப்பெண் சுமார் 20. ஐக்யூ அளவில் 100 என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த இடம்.

இதை உருவாக்கியவர் எல்டன் வொண்டர்லிக். 1930களில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தபோது இதைச் செய்தார். கால்பந்து அவர் மனத்தில் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்குச் சுருக்கமான ஒரு தேர்வு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வெறும் 12 நிமிடத்தில் ஒருவரின் அறிவுத்திறனை அளக்க முடியுமா என்று சந்தேகம் வரலாம். ஓரளவு முடியும், அதற்குக் காரணமும் உண்டு. 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒன்றைக் கவனித்தார். சொல்வளத் தேர்வில் நன்றாகச் செய்பவர்கள் சராசரியாகக் கணக்கிலும் நன்றாகச் செய்கிறார்கள். வடிவங்களை ஒப்பிடுவதிலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத் திறன் ஓடுவதாக அவர் கருதினார். அந்தப் பொதுத் திறன் உண்மையில் என்ன என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதில் சண்டை இல்லை. ஆகவே பல வகையான சின்னக் கேள்விகளைக் கலந்து கேட்டால், நீண்ட ஐக்யூ தேர்வு தரும் விடைக்குப் பக்கத்தில் போய்விடலாம். அந்த அளவில் வொண்டர்லிக் மோசமான தேர்வே அல்ல.

சரி, இது எப்படிக் கால்பந்துக்குள் வந்தது? 1970களில் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரிதான் இதைப் பரப்பியதாகச் சொல்வார்கள். அவர் யோசித்ததில் நியாயம் இருக்கிறது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிபவர், ஒரே ஒரு ஆட்ட முயற்சியில் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு முயற்சி முடிந்ததும் அடுத்ததற்கு 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். இப்போதெல்லாம் பயிற்சியாளர் அவருடைய தலைக்கவசத்துக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி வழியாகத் திட்டத்தைச் சொல்வார். கடிகாரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அப்புறம் அவர் பாடு.

வந்த திட்டம் “ஸ்பைடர் 2 ஒய் பனானா” என்று வைத்துக்கொள்வோம். ரசிகர்களிடையே பிரபலமான ஒரு ஆட்டத் திட்டம் இது. “ஸ்பைடர் 2” என்றால் முன்வரிசைத் தடுப்பாளர்கள் எப்படி அரண் அமைக்க வேண்டும் என்பது. “ஒய்” என்பது டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவர். “பனானா” அவர் ஓட வேண்டிய பாதை: முன்னே போய் வாழைப்பழம் போல வெளிப்பக்கம் வளைய வேண்டும். குவார்ட்டர்பேக்குக்கு அருகே பின்வரிசையில் நிற்கும் ஃபுல்பேக் பக்கவாட்டில் ஓட வேண்டும் என்பது பெயரிலேயே கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைப் போல நூற்றுக்கணக்கான திட்டங்கள். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, பந்து கைக்கு வருவதற்கு முன்பே திட்டத்தை மாற்ற வேண்டிவரலாம். பந்து கைக்கு வந்தபின் எறிய இரண்டரை, மூன்று வினாடி கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்குள் 130 கிலோ ஆசாமி ஒருவர் மேலே வந்து விழுவார்.

இவ்வளவையும் செய்ய மூளை வேண்டும், ஆகவே மூளையை அளப்போம் என்பதுதான் வாதம். 1984இல் விளையாட்டுச் செய்தியாளர் பால் சிம்மர்மன் வெளியிட்ட, எந்த இடத்தில் ஆடுபவர்களுக்கு வொண்டர்லிக்கில் என்ன சராசரி என்ற பட்டியலும் இதற்குத் துணைபோவது போலத்தான் இருந்தது. ஆனால் அதில் முதலிடம் குவார்ட்டர்பேக்குக்கு இல்லை! பெரிய உடம்போடு முன்வரிசையில் முட்டிக்கொள்கிறார்களே, அந்த அஃபென்சிவ் டாக்கிள்களின் சராசரி 26. குவார்ட்டர்பேக்குகளுக்கு 24. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஹாஃப்பேக்குகளுக்கு 16.

தனி மனிதர்களின் மதிப்பெண்களுக்கு வந்தால்தான் குழப்பம். இவை ரகசியமாக இருக்க வேண்டியவை; ஆண்டுதோறும் கசிந்துவிடும். ஹார்வர்டில் படித்த பேட் மெக்கினலி 1975 டிராஃப்ட்டுக்கு முன் 50க்கு 50 எடுத்தார். ஐந்தாம் சுற்றில்தான் அவரை எடுத்தார்கள். 2005இல் இன்னொரு ஹார்வர்டு மாணவர், ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக், 48 எடுத்ததாகச் செய்தி வந்தது. அவருக்கு ஏழாம் சுற்று, 250ஆவது இடம். இன்னொரு பக்கம் டான் மரீனோ 15 அல்லது 16 என்பார்கள். எறிந்து ஆடியவர்களில் தலைசிறந்தவர்கள் என்று பட்டியல் போட்டால் அவரை விட்டுவிட்டுப் போட முடியாது. 2006இல் வின்ஸ் யங் 6 மட்டுமே எடுத்தார் என்று செய்தி கசிந்து ஊரே சிரித்தது. மறுபடி எழுதி 16 எடுத்தார் என்றார்கள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதை வாங்கியவர் அவர்தான்.

இப்படித் தனித்தனிக் கதைகளை அடுக்கி எதையும் நிரூபித்துவிடலாம். கணக்கு பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2009இல் லயன்ஸ், ஹாஃப்மன், மிஷெல் என்ற மூன்று ஆய்வாளர்கள், மூன்று ஆண்டு டிராஃப்ட்களிலிருந்து 762 வீரர்களை எடுத்துக்கொண்டு, வொண்டர்லிக் மதிப்பெண்ணையும் களத்தில் அவர்கள் பிற்பாடு ஆடியதையும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் தொடர்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. டைட் எண்ட், தற்காப்புப் பின்வரிசை ஆகிய இடங்களில் மதிப்பெண் குறைந்தவர்கள் சற்றே நன்றாக ஆடியிருந்தார்கள். 2011இல் டேவிட் பெர்ரி, ராப் சிம்மன்ஸ் என்ற பொருளியலாளர்கள் குவார்ட்டர்பேக்குகளை மட்டும் ஆராய்ந்தார்கள். கம்பைனில் எடுக்கும் அளவுகள் டிராஃப்ட்டில் ஒருவரின் இடத்தை மாற்றுகின்றன. அவர் பின்னால் எப்படி ஆடுவார் என்பதைச் சொல்வதில்லை என்பது அவர்கள் கண்டது.

மதிப்பெண் குறைந்தால் ஆட்டம் சிறக்குமா? அப்படியில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். இங்கே ஒரு புள்ளியியல் பொறி இருக்கிறது. கம்பைன் வரைக்கும் வந்து சேர ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு குறைந்தபட்சத் தகுதி வேண்டும்: வேகம், பலம், கைத்திறன், புத்தி, அதிர்ஷ்டம். புத்தித் தேர்வில் 8 மட்டுமே எடுக்கக்கூடிய ஒருவர் இந்தக் கதவைத் தாண்டி வந்திருக்கிறார் என்றால், மற்றவற்றில் அவர் அசகாயசூரராக இருந்தே ஆக வேண்டும். 35 எடுப்பவர் உடல்திறனில் ஒரு படி குறைந்திருந்தாலும் உள்ளே வந்திருக்கலாம். ஆக, வெளியே உலகத்தில் புத்திக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், கதவுக்கு உள்ளே பார்க்கும்போது ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்குவது போலத் தெரியும். 1946இல் ஜோசப் பெர்க்சன் என்ற புள்ளியியலாளர் மருத்துவமனைத் தரவுகளில் இதே பொறியைக் காட்டினார். கூடைப்பந்திலும் பார்க்கலாம். 5 அடி 3 அங்குலம் இருந்த மக்ஸி போக்ஸ் என்பிஏவில் 14 பருவங்கள் ஆடினார். அதனால் கூடைப்பந்துக்கு உயரம் தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த உயரத்தில் உள்ளே நுழைய வேறு என்னவெல்லாம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் யோசிப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்வு எதை அளக்கிறதோ அது களத்தில் வேண்டிய திறனா என்பது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்கத்தை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நடுவில் நிறுத்திய ஆட்டம் ஒன்றின் பலகையைச் சில வினாடி காட்டிவிட்டு மறைத்தால், மாஸ்டர் ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திரும்ப வைத்துவிடுவார்; கற்றுக்குட்டியால் நாலைந்துதான் முடியும். அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினால் மாஸ்டரின் மேன்மை ஏறக்குறைய காணாமல் போய்விடும். அவருக்குப் பொதுவாகவே பெரிய ஞாபகசக்தி என்று இதற்குப் பொருளில்லை. ஆடி ஆடி ஊறிய அமைப்புகளை ஒரே பார்வையில் அடையாளம் காண்கிறார். குவார்ட்டர்பேக் தற்காப்பு வரிசையைப் படிப்பதும் இந்த வகைதான். ஆப்பிள் விலைக் கணக்கு அதைத் தொடுவதில்லை.

வேலைக்குச் சம்பந்தமில்லாத அளவு எதற்கு என்ற கேள்வி இந்தத் தேர்வைப் பற்றியே ஏற்கெனவே ஒருமுறை எழுந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலி வேலைப் பிரிவில் மட்டும் வைத்திருந்தது. பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 ஜூலை 2இல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் நல்ல பிரிவுகளுக்குப் புதிதாக வருவோருக்கு இரண்டு தேர்வுகளைக் கட்டாயமாக்கியது. இரண்டில் ஒன்று வொண்டர்லிக். 1971இல் வந்த தீர்ப்பு தொழிலாளர்கள் பக்கம். தேர்வு அந்த வேலைக்கு ஒருவர் பொருத்தமா என்பதை அளக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு மனிதரை மட்டும் பொத்தாம்பொதுவாக அளக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அதற்கப்புறமும் என்எஃப்எல் அதே தாளை அரை நூற்றாண்டு நீட்டிக்கொண்டிருந்தது. சட்டப்படி அது குற்றமில்லாமல் இருக்கலாம். அறிவியல்படி, சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்காமலே ஓட்டிய காலம் கொஞ்சம் நீளம்தான்.

இப்போது தாளின் இடத்தைக் கணினித் திரை பிடித்திருக்கிறது. பிரபலமானது எஸ்2 காக்னிஷன். நரம்பியல் படித்த இருவர் நாஷ்வில் நகரில் தொடங்கியது. திரையில் வடிவங்கள் மின்னி மறையும். ஒரே சமயத்தில் நகரும் பல பொருள்களைக் கண்ணால் தொடர வேண்டும். அழுத்தப் போன விரலைக் கடைசி நேரத்தில் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் மில்லி வினாடியில் அளக்கிறார்கள். வொண்டர்லிக்கைவிட இது களத்துக்கு ஒரு படி நெருக்கம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனாலும் எண் கசிந்தால் நடப்பது அதேதான். 2023 டிராஃப்ட்டுக்கு வந்த குவார்ட்டர்பேக்குகளில் சி.ஜே. ஸ்ட்ரவுட் எஸ்2வில் 18 என்றும் பிரைஸ் யங் 98 என்றும் செய்தி வந்தது. இது நூற்றுமானம்: ஒப்பிடும் கூட்டத்தில் 100க்கு 18 பேர் இவருக்குக் கீழே என்று பொருள். யங்கை முதலில் எடுத்த கரோலினா அணி அந்தப் பருவத்தில் 17 ஆட்டத்தில் 2 வென்றது. இரண்டாவதாகப் போன ஸ்ட்ரவுட் ஹூஸ்டனுக்காக 4,108 கெஜம் எறிந்து, புதுமுக விருதையும் வாங்கினார். எஸ்2 பொய் என்று முடிவு கட்டுவதற்குள் 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆள், 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டியையும் பார்த்துவிடுங்கள். எஸ்2வில் அவர் மதிப்பெண் மிக உயரம் என்றார்கள். 2024 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு குவார்ட்டர்பேக்குகள் வருகிறார்கள், அதில் சிலர்தான் தொடர்ந்து ஆடுகிறார்கள், அவர்கள் ஆட்டமும் முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்களைப் பொறுத்தது. இவ்வளவு சின்ன மாதிரியை வைத்து ஒரு தேர்வைச் சரிபார்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அதற்கிடையில் பயிற்சியாளர்கள் பழைய முறை ஒன்றையும் விடவில்லை. நேர்காணலில் வெள்ளைப் பலகையில் இரண்டு மூன்று ஆட்டத் திட்டங்களை வரைந்து விளக்குவார்கள். பிறகு அழித்துவிட்டு, குடும்பம், கல்லூரி என்று பேச்சை மாற்றுவார்கள். கிளம்பும் முன் பேனாவைக் கையில் கொடுத்து, முதலில் சொன்னதை வரையச் சொல்வார்கள். வேலையின் ஒரு துண்டையே செய்யவைத்துப் பார்க்கும் சோதனை இது; ஆள் தேர்வு பற்றிய ஆய்வுகளில் இந்த வகைக்கு நல்ல பெயர் உண்டு. இந்தப் பலகைச் சோதனையாவது பலிக்கிறதா என்று கணக்கிட, யார் எப்படி வரைந்தார்கள் என்ற குறிப்புகள் வேண்டும். அவற்றை ஒவ்வொரு அணியும் தன் அலமாரிக்குள் வைத்துக்கொள்கிறது.