அப்பாவுக்குப் பின்னால் நிற்கும் விமானம்

தக்கலை வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கியபோது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கிடைத்தது. அப்பா வேட்டி கட்டி, கைகளைப் பின்னால் வைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு விமானம். முழுதாக இல்லை. மூன்று ஜன்னல்கள், ஒரு பக்கத்து இறக்கையில் பாதி, ஒரு என்ஜின், ஒரு சக்கரம். சக்கரத்தை ஒட்டிக் கயிறு கட்டிய மரக்கட்டை ஒன்று. வால் படத்தில் விழவில்லை, பதிவு எழுத்துகளும் இல்லை.

"சித்தப்பா வேலை பார்த்த இடத்துல, டக்கோட்டா பக்கத்துல நின்னு எடுத்தது" என்றாள் அம்மா. சித்தப்பா திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்தவர். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் அன்றும் இன்றும் திருவனந்தபுரம்தான். 1932இல் அந்த நிலையம் தொடங்கியபோது எங்கள் ஊரும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1935இல் டாடாவின் தபால் விமானம் அங்கே வந்து இறங்கியது.

அது டகோட்டாதானா என்று படத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். விமானத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் ஒரு துண்டை வைத்தே முழு விமானத்தையும் சொல்லிவிடலாம்.

முதலில் ஜன்னல் வரிசையைப் பார்த்தேன். டகோட்டா, அதாவது டக்ளஸ் டிசி-3, 1935இல் முதன்முதலில் பறந்தது. புல்தரையிலும் மண்தரையிலும் இறங்குவதற்காக, முன்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலுக்கடியில் ஒரு சிறிய சக்கரமும் வைத்தார்கள். அதனால் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தரையோடு தாழ்ந்திருக்கும். ஏறும் பயணி இருக்கைக்குப் போக மேடேற வேண்டும். ஜன்னல் வரிசையும் அதே சரிவில் இருக்கும். எங்கள் படத்திலோ ஜன்னல்கள் தரைக்கு இணையாக நேர்கோட்டில் இருக்கின்றன. அப்படியானால் மூக்குக்கடியில் சக்கரம் உள்ள விமானம்.

அடுத்தது ஜன்னலின் வடிவம். எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான். டகோட்டாவின் ஜன்னல்கள் நீள்சதுரம், நம் வீட்டு ஜன்னல் மாதிரி. படத்தில் இருப்பவை முட்டை வடிவம். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. டகோட்டா பெரும்பாலும் 10,000 அடிக்குக் கீழேயே பறந்தது. அந்த உயரத்தில் வெளிக்காற்றையே சுவாசிக்கலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்பதால் ஜன்னல் எந்த வடிவில் இருந்தாலும் பாதகமில்லை. பிறகு வந்த விமானங்கள் மேகத்துக்கு மேலே போக விரும்பின. 20,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. ஆகவே உள்ளே காற்றை அடைத்து அழுத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் விமானத்தின் உடல் ஊதிய சைக்கிள் டியூப் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் மூன்று நான்கு டன் எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். மேலே போகும்போது தள்ளும், இறங்கும்போது விடும். ஒவ்வொரு பயணத்திலும் இதே கதை.

புகைப்புரையில் காயும் ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு எடுத்து, நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி இழுத்துப் பாருங்கள். கிழிசல் மூலையிலிருந்துதான் தொடங்கும். வட்டமாக வெட்டினால் அவ்வளவு சீக்கிரம் கிழியாது. இழுவிசை ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. வளைவு மெதுவாக இருந்தால் பரவிப் போகும், மூலையில் திடீரென்று திரும்ப நேர்ந்தால் அந்த ஒரே புள்ளியில் நெருக்கியடிக்கும். உலோகத் தகட்டுக்கும் இதே விதிதான். பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு 1954இல் நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. பிறகு ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது ஜன்னல் மூலையில் விரிசல் விட்டது. எத்தனையோ உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

சரி, டகோட்டா இல்லை. அப்படியென்றால் அந்தக் காலத்து இந்தியன் ஏர்லைன்ஸில் முட்டை ஜன்னலும் என்ஜினுக்கு முன்னால் சுழலும் காற்றாடியும் உள்ளவை மூன்று: விஸ்கவுண்ட், ஃபோக்கர் பிரண்ட்ஷிப், ஆவ்ரோ. விஸ்கவுண்டுக்கு நான்கு என்ஜின்கள், பக்கத்துக்கு இரண்டு. படத்தில் ஒரு என்ஜினைத் தாண்டி இறக்கை வெறுமையாக நீள்கிறது. ஃபோக்கருக்கு இறக்கை தலைக்கு மேலே இருக்கும். இங்கே ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. மிஞ்சியது ஆவ்ரோ 748. அதன் அடையாளமும் படத்தில் தெளிவாகத் தெரிகிறது: என்ஜின் இறக்கையின் முதுகில் மூட்டை மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. இறக்கை தாழ்வாக இருப்பதால், என்ஜினையும் தாழ்த்தி வைத்தால் சுழலும் காற்றாடி தரையில் இடித்துவிடும். அதனால்தான் தூக்கி வைத்தார்கள். இந்த விமானத்தைக் கான்பூரிலும் செய்தார்கள். அங்கே உருவான முதலாவது 1961 நவம்பரில் பறந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"டக்கோட்டாவா? இல்ல மக்கா, இது ஆவ்ரோ. வீட்டுல எல்லாத்தையும் டக்கோட்டான்னுதான் சொல்லுவாவ. இது விசிலடிக்கும், கேட்டியா. எனக்க காதுல இப்பவும் நிக்குது."

விசிலுக்கும் காரணம் உண்டு. ஆவ்ரோவின் ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் என்ஜினில், காற்றை அமுக்கும் சக்கரம் நிமிடத்துக்கு 15,000 சுற்று வரை சுற்றும். பல்சக்கரங்கள் அதைக் குறைத்து, காற்றாடிக்கு ஏறக்குறைய 1,400 சுற்றாகத் தரும். நமக்குக் கேட்கும் கூர்மையான சத்தம் உள்ளே இருக்கும் அந்த வேகச் சக்கரத்தினுடையது.

சித்தப்பா அப்புறம் நிறுத்தவில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அதற்காக விமானங்களை நிறுத்தி வைப்பார்கள், இன்றும் அப்படித்தான். வெயில் ஆறிய ஓடுபாதையில் யானையும் வாளேந்திய மன்னரும் போக, இவர்கள் ஓரமாகக் கும்பிட்டு நின்றிருக்கிறார்கள். மழை நாளில் கடற்காற்று ஏணியையே நகர்த்திவிடுமாம். அப்பா ஒரே ஒரு நாள்தான் அங்கே வந்தாராம். சும்மா பார்க்க. கடைசி வரை அவர் விமானத்தில் ஏறவில்லை.

திரும்பக் கொடுக்கும் முன் சித்தப்பா படத்தின் கீழோரத்தில் விரலை வைத்தார். சக்கரம் உருண்டுவிடாமல் அண்டைகொடுத்த அந்த மரக்கட்டை.

"இந்தக் கட்ட நான் வச்சது."