பழைய காரின் டைனமோ: ஆம்பியரை மட்டும் கேட்காதீர்கள்

எஞ்சினால் சுழன்று காருக்கு மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிதான் டைனமோ. பழைய கார்களின் மின்வேலைக்காக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், "இந்த டைனமோ எத்தனை ஆம்பியர் தரும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த ஒரு எண்ணை நம்பி டைனமோவை மாற்றுவதும், அதைத் திருகிக் கரண்டைக் கூட்டுவதும்தான் பல ஆர்மேச்சர்கள் (டைனமோவுக்குள் சுழலும் கம்பிச்சுருள்) கருகுவதற்குக் காரணம். எந்த வேகத்தில் அந்த ஆம்பியர் வருகிறது, பேட்டரி நிறைந்தபின் அது தானாகக் குறையுமா என்று கேளுங்கள். எத்தனை வோல்ட் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 60 வாட்தான். 12 வோல்ட்டில் அதே 10 ஆம்பியர் 120 வாட்.

ஃபோர்டு மாடல் டி காரில் 1915 வாக்கில் மின் ஹெட்லைட் வந்தபோது டைனமோ கிடையாது. ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) பூட்டிய 16 காந்தங்கள் தந்த மின்சாரமே விளக்குக்கும் போனது. எஞ்சின் மெதுவாக ஓடினால் வெளிச்சம் மங்கும், விரட்டினால் கூடும். 1919-ல்தான் அதற்கு ஸ்டார்ட்டரும் 6 வோல்ட் டைனமோவும் வந்தன.

அது மூன்று பிரஷ் டைனமோ. பிரஷ் என்பது சுழலும் ஆர்மேச்சரின் முனையில் உரசி மின்சாரத்தைக் கடத்தும் துண்டு. இதைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டைனமோவின் காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருளான ஃபீல்டு காயிலுக்கு மின்சாரம் மூன்றாவது பிரஷ் வழியாகப் போகிறது. வேகம் கூடி ஆர்மேச்சரில் கரண்ட் ஏறும்போது காந்தப்புலம் ஒரு பக்கமாக இழுபடும். மூன்றாவது பிரஷுக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் குறையும், ஃபீல்டு தளரும். அதனால் நடுத்தர வேகத்தில் உச்சம் தொட்டு, அதற்குமேல் கரண்ட் இறங்கும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் பேட்டரி நிறைந்ததா காலியா என்று அதற்குத் தெரியாது. நீண்ட பகல் பயணங்களில் பேட்டரி கொதிக்காமல் இருக்க அந்தக் காலத்து ஓட்டுநர்கள் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டினார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வெளிச்சம் போதவில்லை என்று மூன்றாவது பிரஷைச் சுழலும் திசையில் நகர்த்திக் கரண்டைக் கூட்டாதீர்கள். சூட்டில், பிரஷ்கள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் ஈயப்பற்று உருகித் தெறிக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றவே கழற்றாதீர்கள். கரண்டை வாங்க ஆளில்லாமல் வோல்ட்டேஜ் தறிகெட்டு ஏறி, விளக்குகளையும் டைனமோவையும் எரித்துவிடும்.

பின்னால் வந்த இரண்டு பிரஷ் டைனமோக்களில் ரெகுலேட்டர் வோல்ட்டேஜைப் பார்த்து ஃபீல்டை அடக்குகிறது. மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் காரின் பிந்திய வண்டிகளில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ 12 வோல்ட்டில் 22 ஆம்பியர் தரும். பேட்டரியைக் காப்பதில் இது மூன்று பிரஷைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது) இதுவும் சார்ஜ் செய்யாது, சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட்டும் வைப்பரும் பேட்டரியைத்தான் தின்னும். அந்தக் குறை தீர்ந்தது, டைனமோவுக்குப் பதிலாக ஐடிலிலும் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வந்தபிறகே. 1960-ன் கிரைஸ்லர் வேலியன்ட் அதைச் சாதாரணக் காருக்கும் கொண்டுவந்தது.

எந்த டைனமோவானாலும் நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், ஹெட்லைட் எரியும்போது ஆம்மீட்டரை (பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா வெளியேறுகிறதா என்று காட்டும் மீட்டர்) பாருங்கள். முள் பூஜ்யத்துக்குச் சற்று மேலே நின்றால் போதும், டைனமோவைத் தொடாதீர்கள்.